பகல் 12.40

எனக்கு முன்னால் ஏழு பேர். ஏழாவது ஆள், என் இடது தோளில் தோள் இடிக்க உட்கார்ந்திருக்கும் என் அக்கா செசிலி. ஞானாதிக்கம் சாமியின் வரிசை நிற்கிற வரிசை அல்ல, உட்காருகிற வரிசை. ஒருவர் எழுந்து, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போனதும் பெஞ்சில் மிச்சமிருக்கிறவர்கள் ஆளுக்கு ஓர் இடம் நகர்வோம். எத்தனையோ வருஷத்துப் பாவிகள் நகர்ந்து நகர்ந்து பலகை வழுவழுவென்று ஆகிவிட்டது. கோயிலில் வேறெந்தப் பெஞ்சுக்கும் இந்தப் பளபளப்பு இல்லை. அந்தப் பக்கத்துத் தொட்டியில் இளவயதுப் பங்குச்சாமி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் இரண்டே பேர். காரணம் பங்கில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஞானாதிக்கம் சாமிக்கு எண்பத்தொரு வயது, காது கேட்காது. வலைக்கம்பிக்கு இந்தப் பக்கம் உதடு அசைவது நின்றால் பாவம் முடிந்தது என்று கையை உயர்த்திப் பாவப்பொறுத்தல் கொடுத்துவிடுவார். கோழி திருடினவனுக்கும் பரிகாரம் மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம், குடியைக் கெடுத்தவனுக்கும் மூன்று. சனிக்கிழமை சாயங்காலம் திண்டுக்கல்லில் கனமான பாவம் வைத்திருக்கிறவர்கள் யார் யார் என்று தெரியவேண்டுமானால் இந்தப் பெஞ்சை வந்து பார்த்தால் போதும். நானும் இதில்தான் வந்து உட்கார்ந்தேன். மூன்று வருஷமாகத் தொட்டிப் பக்கம் வராதவன், இன்றைக்கு வந்தும் கேளாத காதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கத்தோடு கொஞ்சம் திருப்தியும் இருக்கிறது, நல்ல இடமாகப் பிடித்தேனே என்று. இந்தத் திருப்தியையும் பாவக்கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று யோசிக்கிறேன், உடனே அந்த யோசனையின் நேர்த்தியை ரசிக்கிறேன். என் வியாதி இதுதான்.

"என்னடா யோசனை? பாவத்தையெல்லாம் அகர வரிசையில அடுக்கிட்டு இருக்கியா?" என்று அக்கா காதோரம் கேட்கிறாள். முப்பத்தொரு வருஷம் நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் இருந்தேன், புத்தகங்களுக்கு எண் கொடுத்து, பெயர் எழுதி, அது அது போகவேண்டிய தட்டுக்கு அனுப்புகிற வேலை. அதற்காக அவள் குத்திக்கொண்டே இருப்பாள். "நீ என்ன சொல்லப் போறே?" என்று பேச்சை அவள் பக்கம் திருப்புகிறேன். திருப்பாமல் இருந்திருக்கலாம். "நான் என்னத்தச் சொல்வேன். போன வருஷம் சொன்னதுதான், அதுக்கு முந்தின வருஷம் சொன்னதுதான். அந்தத் தபால்காரன்" என்கிறாள். முன்வரிசையில் ஒரு தலை திரும்புகிறது. அவள் குரலைத் தாழ்த்துகிறாள். "மன்னிச்சுட்டேன், மன்னிச்சுட்டேன்னு வாய் சொல்லுது, இன்னாசி. பூசையில நன்மை வாங்க நாக்க நீட்டும்போது அவன் மூஞ்சிதான் வருது. நான் பார்க்காத மூஞ்சி. அது எப்படி வரும்? ஆனா வருது. நீ நல்லா இருப்பியாடான்னு அந்த நேரத்துல கேக்குறேன், அப்பம் வாயில இருக்கும்போதே. இது சரியா வராது. இன்னிக்குச் சாமிகிட்ட சொல்லிட்டு இனிமே நன்மை வாங்குறதையே விட்டுரலாம்னு இருக்கேன்." நாளைக்கா என்று கேட்கிறேன். நாளைக் காலை எட்டு மணிப் பூசை எங்கள் அம்மா மதலேனம்மாளின் மூன்றாம் வருஷ நினைவுப் பூசை. "நாளையிலருந்துதான். பொய்யா வாங்குறதுக்கு வாங்காமலே இருக்கலாம். அம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொள்கிறாள். யாரோ தொட்டியிலிருந்து வெளியே வருகிறார்கள். நகர்கிறோம். ஆறு.

ஆறு பேர். ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தால் அவள் மண்டியிட இன்னும் கால் மணி நேரம். அதற்குள் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நீளமானதல்ல. அக்கா, சீட்டு எனக்குக் கிடைத்தது. நான்கே சொல். நான்கு சொல்லையும் மூன்று வருஷமாக வாய்க்குள் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறேன். எழுவாயை மாற்றலாமா, செயப்பாட்டு வினையில் சொன்னால் கொஞ்சம் மென்மையாக வருமா, சீட்டு என்பதற்குப் பதில் தகவல் என்று போடலாமா. நாற்பது வயது வரை நான் படிக்காத ஆன்மிகப் புத்தகம் எங்கள் நூலகத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் நானே எண் போட்டவன். நாற்பதாவது வயதில் ஒரு நாள், படித்தது அத்தனையும் சமையல் குறிப்பு, ஒரு கவளமும் சாப்பிட்டதில்லை என்று தோன்றியது. அந்த உவமைகூட ஏதோ புத்தகத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து அனுபவம், அனுபவம் என்று அலைந்தேன். மலையைச் சுற்றினேன், வெறும் காலோடு, கொப்புளம் வந்தது. தர்காவில் நாற்பது வியாழக்கிழமை சாம்பிராணிப் புகையில் உட்கார்ந்தேன், இருமல் வந்தது. கொல்லிமலையில் ஒரு சித்தரிடம் ஒன்பது நாள் இருந்தேன், அவர் வாய் திறந்து கேட்டது என் கைபேசி சார்ஜர் அவருடையதற்குப் பொருந்துமா என்பதை மட்டும். ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வந்ததும் அம்மா கதவைத் திறந்து, "கிடைச்சுதா?" என்பாள், காய்கறிச் சந்தைக்குப் போனவனைக் கேட்கிற மாதிரி. இன்னும் இல்லை என்பேன். "உனக்குச் சாமி வேணுமாடா, இல்ல, சாமியப் பார்த்தேன்னு சொல்லிக்கிட ஆள் வேணுமா?" என்று கேட்டுவிட்டுச் சோறு போடுவாள். கல்யாணம் செய்துகொள்ளாதவன் நான். அம்மாவும் நானுமாக ஒரு வீட்டில், அடுத்த தெருவில் அக்கா. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான்தான் என்று ஊரில் பெயர். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டாள் என்பது உள்ளபடி.

தொட்டிக்குள் இப்போது மீன்காரத் திரேசம்மாள் போயிருக்கிறாள். அவளுக்கு மெல்லப் பேச வராது. "சாமி, எடையில கை வச்சது எட்டு தடவ. புருசன அடிச்சது ரெண்டு தடவ, அதுல ஒண்ணு அவன் வாங்க வேண்டியதுதான்" என்று திரைக்குப் பின்னாலிருந்து சந்தை விலை போலக் கேட்கிறது. பெஞ்சில் இருக்கிற நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எதிர்ச்சுவரில் சிலுவைப் பாதைப் படங்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்குகிறோம். ஞானாதிக்கம் சாமிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ஆங், நீதாம்மா ஒழுங்காச் சொல்றே. மத்ததெல்லாம் வாய்க்குள்ளயே முழுங்குதுக" என்கிறார். கேளாத காது என்றால் முழுக்கவே கேளாததில்லை போல. சத்தமாகச் சொன்னால் கேட்கிறது. எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் எல்லோரும் மெல்லச் சொல்கிறோம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். சிரிப்பில் அவள் தோள் என் தோளில் குலுங்குகிறது. அந்தக் குலுக்கலில் என் சட்டைப்பையில் இருக்கும் காகிதம் மார்பில் உரசுகிறது. இல்லை, உரசவில்லை, அப்படி உரச அதில் என்ன இருக்கிறது, நாலாக மடித்த அரைத்தாள். ஆனாலும் எனக்கு அது எப்போதும் உரசுகிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் முதலில் அதை எடுத்துப் புதுச் சட்டையில் வைத்துவிட்டுத்தான் பொத்தான் போடுகிறேன். எதற்கு வைத்திருக்கிறேன் என்று என்னைக் கேட்டால் தவம் என்பேன். தவம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று வேண்டும். ஐந்து.

ஓசூருக்கு அப்பால், யூகலிப்டஸ் தோப்பு நடுவில் இருந்தது அந்த மௌன முகாம். பத்து நாள். பேசக்கூடாது, சைகை கூடாது, கண்ணோடு கண் பார்க்கக்கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் நோய்க்கென்றே எழுதின மருந்துச்சீட்டு என்று நினைத்தேன். முதல் நாள் வாசலில் கைபேசியை வாங்கிப் பையில் போட்டு, பையில் என் பெயரை எழுதி, சரிதானா என்று காட்டினது ஒரு வயதான ஆள், கட்டம் போட்ட சட்டை, மெலிந்த கழுத்து. "முப்பத்தாறு வருசம் தபால் குடுத்தேன் சார். ஒண்ணு தவறினதில்ல. உங்க போனும் தவறாது" என்றார். அங்கே சும்மா சேவைக்கு இருந்தவர். அதற்கப்புறம் அவரோடு நான் பேசியது ஒரே ஒரு தடவை, அதையும் பேச்சென்று சொல்ல முடியாது. ஐந்து நாள் முட்டிவலியும் கொட்டாவியும்தான். ஆறாம் நாள் மதியம் ஏதோ நடந்தது. உச்சியிலிருந்து மெல்லிய நீர் வழிகிற மாதிரி ஒன்று, நெற்றி, கழுத்து, தோள் என்று இறங்கியது. பயமாகவும் இருந்தது, குளிராகவும் இருந்தது. வந்துவிட்டது, வந்துவிட்டது, பதினாலு வருஷத்துக்கு அப்புறம், அசையாதே இன்னாசிமுத்து, அம்மா கேட்டால் கிடைச்சுது என்று சொல்லலாம். ஆமாம், அந்த நேரத்தில் அம்மாவைத்தான் நினைத்தேன். அதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அப்போது முட்டிக்குப் பக்கத்தில் தரையில் காகிதம் வைக்கிற சத்தம். கண்ணைத் திறந்தேன். தபால்காரர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நாலாக மடித்த சீட்டு. அவர் புருவத்தை உயர்த்தினார், அதாவது படிக்கவும் என்று. நான் தலையாட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போய் நின்று மறுபடியும் பார்த்தார். மறுபடியும் தலையாட்டினேன். அவர் போய்விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

படிக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறாதவன் நான். இதைத்தான் முதலில் எனக்குச் சொல்லிக்கொண்டேன், அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்தேன், இது எனக்கு வந்த சோதனை, வென்றுவிட்டேன் என்று. என்ன சோதனை, யார் வைத்தது, அந்த முகாமில் கேள்வி கேட்கவும் கூடாது அல்லவா. நீர் வழிகிற அது திரும்ப வரவே இல்லை. சீட்டு தரையைத் தொட்ட நொடியில் நின்றது, நின்றதுதான். நான்கு நாள் நான் செய்தது அது திரும்ப வருமா என்று காத்துக்கொண்டிருந்தது, உச்சந்தலையில் ஒரு கூச்சத்துக்காக. ஆறாம் நாள் மூன்று மணிக்கு ஓசூரில் பஸ் பிடித்திருந்தால் ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி. ஏழாம் நாள் மதியம் வரைக்கும் அம்மாவுக்குப் பேச்சு இருந்தது. எட்டாம் நாள் விடியும்போது போய்விட்டாள். இந்தக் கணக்கை நான் போடாத நாள் இல்லை, விடை மாறின நாளும் இல்லை. விதி என்பது நான் ஒளிந்துகொள்ளும் முதல் கதவு. படிக்கவில்லை, அதனால் தெரியாது, இதுதான் நான் வைத்திருக்கும் இரண்டாவது கதவு. அதற்கும் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. தாள் மெல்லியது. மை பின்பக்கம் ஊறியிருந்தது. மடிப்பின் வெளிப்பக்கத்தில் தலைகீழாக, இடவலமாக, ஒரு சொல் தெரிந்தது. முப்பத்தொரு வருஷம் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் புத்தக முதுகுகளைப் படித்தவன் நான். அம்மா என்ற சொல்லைப் படிக்க எனக்குத் தாளைப் பிரிக்க வேண்டியதில்லை. தெரியும். கண்ணை மூடும்போதே தெரியும். நாலு பேர். சூசை மாஸ்டர் உள்ளே போகிறார், அவருக்கு நேரமாகும், பாவம் குறைவு, முகவுரை அதிகம்.

பதினோராம் நாள் காலை ஓசூர் பஸ் நிலையத்தில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டைப் பிரித்தேன். அக்கா தொலைபேசியில் சொன்னதை யாரோ நீலமையில் எழுதியிருந்தார்கள்: அம்மாவுக்கு மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உங்களைக் கேட்கிறார், உடனே வரவும், செசிலி. மூலையில் வேறொரு கையெழுத்து, சின்னதாக, நேராக: ஆறாம் நாள், பகல் 12.40, நேரில் கொடுக்கப்பட்டது. தபால்காரர் பழக்கம். வீட்டு வாசலில் செருப்பு அதிகமாக இருந்தது. உள்ளே அம்மா படம் பூமாலையோடு. அக்கா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சீட்டு கிடைக்கலையாடா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள். "கிடைச்சிருக்காது. எனக்குத் தெரியும். ரெண்டாவது தடவ போன் போட்டேன், குடுத்தாச்சு, தலையாட்டினாருன்னு சொல்றான் அந்தப் பாவி. என் தம்பி தலையாட்டிட்டு உட்கார்ந்திருக்கிறவனா? சீட்டு கையில கிடைச்சிருந்தா நடந்தாவது வந்திருப்பான்னு அவன்கிட்டயே சொன்னேன்." உண்மையை ஒருவன் அவள் காதிலேயே சொல்லியிருக்கிறான், என் மேல் இருந்த பாசத்தில் அவள் அதைத் தூக்கி எறிந்துவிட்டாள். எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். "கிடைக்கல" என்றேன். அவள் என் தோளில் விழுந்து அழுதாள். சட்டைப்பைக்கு மேலேயே நெற்றி. அப்புறம் அழுகைக்கு நடுவில் சொன்னாள்: "மூணாவது தடவ போன் போடப் போனேன்டா, அம்மாதான் வேணாம்னுச்சு. அது போனப்புறமும் அதனாலதான் போடல. விடுடீ, இந்தத் தடவையாவது அவனுக்குக் கிடைக்கட்டும்னுச்சு." மூன்று.

அதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. அத்தான் சந்தியாகு நிற்கிற ஆள் இல்லை. "வாங்க மாப்ளே, அந்தாள ரெண்டுல ஒண்ணு பார்த்துரலாம்" என்று முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் என்னை ஓசூருக்கு இழுத்துக்கொண்டு போனார். வர மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. அலுவலக அறையில் அத்தான் மேசையைத் தட்டிக் கத்தினார். மௌன முகாமில் அன்றைக்கு இருந்த அறுபது பேரும் எங்கள் குடும்ப விஷயத்தைக் கேட்டார்கள். நிர்வாகி தபால்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து நின்றார், அதே கட்டம் போட்ட சட்டை. "குடுத்தீங்களா, இல்லையா?" என்று அத்தான். தபால்காரர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன், சத்தியமாக நினைக்கிறேன், ஆனால் நான் அப்படி நினைப்பதற்கு என்ன மதிப்பு. அவர் பார்த்தது, ஒரு வீட்டுக்குக் கெட்ட சேதி கொண்டுபோனவன் கதவைத் திறக்கிறவனைப் பார்ப்பானே, அப்படி. என் முகத்தில் என்ன இருந்ததோ, அதைப் படித்துவிட்டார். மடிப்பைப் பிரிக்காமலே. "தப்பு என் மேலதான் சார்" என்றார் அத்தானிடம். அவ்வளவுதான். நிர்வாகி அவரை அன்றோடு சேவையிலிருந்து நிறுத்திவிட்டார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தோப்பு வழியாக அவர் போனதை ஜன்னலில் பார்த்தேன். முப்பத்தாறு வருஷம் ஒன்றும் தவறாதவர், தவறிவிட்டது என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிறார், கொஞ்சமும் நடை மாறாமல். அப்போதுதான் எனக்கு உச்சியிலிருந்து ஒன்று இறங்கியது. நீர் அல்ல, கூச்சமும் அல்ல. இத்தனை வருஷம் மலையிலும் தர்காவிலும் தேடினது எதிரே நின்று நான்கு சொல் பேசிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறது, அதற்கு என்னைக் கண்டால் இரக்கமாகவும் இருக்கிறது. பதினாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே அனுபவம் அது. யாரிடமும் சொல்ல முடியாத அனுபவம். சொன்னால் ஏன் இறங்கியது என்றும் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தான், "நல்லாக் குடுத்தோம்ல, மாப்ளே" என்று தொடையைத் தட்டினார். ஆமாம் அத்தான் என்றேன். இரண்டு.

இரண்டு பேர்தான். ஒரு காலேஜ் பையனும் அக்காவும். பையன் உள்ளே போனான், வந்துவிட்டான். வாலிபர்களுக்குப் பாவம் ஒன்றுதான் போல, சீக்கிரம் முடிகிறது. அக்கா எழுகிறாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போடுகிறாள், ஜெபமாலையை மணிக்கட்டில் தள்ளுகிறாள். அவள் உள்ளே போய் உதட்டை அசைப்பாள், சாமி கையை உயர்த்துவார், நாளைக்கு அம்மாவின் பூசையில் எல்லோரும் எழுந்து போகும்போது இவள் மட்டும் பெஞ்சில் இருப்பாள், முட்டியை ஒதுக்கி எனக்கு வழிவிட்டு. நான் போய் வாங்குவேன். நாக்கை நீட்டி, கண்ணை மூடி, பக்தியாக. இதை நான் செய்யக்கூடியவன். செய்யமாட்டேன் என்று என்னால் நம்ப முடியவில்லை, அதுதான் என்னை உந்துகிறது. என் கை அவள் முந்தானை நுனியைப் பிடித்திருக்கிறது. "என்னடா?" வாக்கியம் வரவில்லை. நான்கு சொல்லும் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டுகிறேன். "என்னது இது, பாவத்தை எழுதிட்டு வந்துட்டியா?" என்று சிரித்தபடி வாங்குகிறாள். மடிப்புகள் கிழிகிற நிலையில் இருக்கின்றன, பார்த்துப் பிரிக்கிறாள். கழுத்தில் தொங்குகிற கண்ணாடியை எடுத்து மாட்டுகிறாள். அவள் சொன்னதே அவள் கையில் எழுத்தாக இருக்கிறது. படிக்கிறாள். சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்கிறது, கழற்ற மறந்த மாதிரி. அவள் கட்டைவிரல் மூலைக்குப் போய் நிற்கிறது. உட்காருகிறாள்.

"அம்மா, உங்க முறை" என்று எனக்கு அடுத்து இருப்பவர் எட்டிச் சொல்கிறார். "நீங்க போங்க" என்கிறாள் அக்கா. அவர் எங்கள் முட்டிகளைத் தாண்டிக்கொண்டு போகிறார். "எப்ப கிடைச்சுது?" "அதுல போட்டிருக்கு." "நீ சொல்லு." "ஆறாம் நாள். பகல் பன்னிரண்டு நாற்பது." "படிச்சியா?" "படிக்கல. படிக்கக் கூடாதுன்னு அங்க விதி." மூன்று வருஷம் எனக்குள் ஒலித்தபோது இந்த வாக்கியம் இவ்வளவு அசிங்கமாக இருந்ததில்லை. அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறாள். "தெரியுமா?" என்கிறாள். ஒரே கேள்வியில் மூன்றாவது கதவுக்கு வந்துவிட்டாள், நான் வருவதற்கு மூன்று வருஷம் ஆனது. "தெரியும்" என்கிறேன். அடிப்பாள் என்று காத்திருக்கிறேன். அடித்தால் நன்றாக இருக்கும். அடித்தால் அதையும் அனுபவத்தில் சேர்த்துக்கொள்வேன். அதனாலோ என்னவோ அவள் அடிக்கவில்லை. சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடிக்கிறாள், நாலாக, விளிம்பு விளிம்போடு சேர்கிறதா என்று பார்த்து. எனக்கு அப்பால் ஒரு கிழவரும் நகரக் காத்திருக்கிறார், அவரையும் போகச் சொல்கிறாள். இரண்டு பேர் உள்ளே போய் வந்தார்களோ, மூன்று பேரோ. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"அந்த மனுசன் பேரு என்ன?" என்று கேட்கிறாள். எந்த மனுசன் என்கிறேன். "தபால்காரருடா. பேரு என்ன?" தெரியாது. முதல் நாள் என் பெயரைப் பையில் எழுதிக் காட்டினவர் அவர். அவர் பெயரை நான் கேட்கவில்லை. முப்பதாம் நாளுக்கு அப்புறம் போனபோது நிர்வாகி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், என் காதில் விழவில்லை, என் பயம்தான் காதில் இருந்தது. அவரைப் பற்றி மூன்று வருஷமாக நினைத்து, என் தேடலின் முடிவு என்று பதவிகூடக் கொடுத்து வைத்திருக்கிறேன். "தெரியல அக்கா" என்கிறேன். "ஊர்ல உள்ள புத்தகத்துக்கெல்லாம் பேரு எழுதினே" என்று தன்னிடமே சொல்லிக்கொள்வதுபோல் சொல்கிறாள். அப்புறம்தான் அவள் குரல் உடைகிறது. "பேரு தெரியாத ஒரு நல்ல மனுசனை மூணு வருசம் வாயில நன்மைய வச்சுக்கிட்டுச் சபிச்சிருக்கேன். உன்னால. அம்மா சாகும்போதும் உன்னைத்தான் பெரிசா நினைச்சுச்சு. நானும்தான்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கிறாள், கண்ணைத் துடைக்கவில்லை. "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஓசூர் பஸ் ஏறுறோம். நீ தனியாப் போக வேண்டாம். தனியாப் போனா வழியில ஏதாவது சாமியார்ட்ட இறங்கிருவே." சரி என்கிறேன். "இப்ப நீ போ." "நீ?" "எனக்கு இன்னிக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. நீ போ முதல்ல." நான் எழுகிறேன். அவள் என் சட்டைக்கையைப் பிடித்து இழுக்கிறாள். அந்தத் தொட்டியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இல்லை, முதலிலேயே தெரியும். "சத்தமாச் சொல்லு. திரேசம்மா மாதிரி. நான் இங்கயே உட்கார்ந்து கேக்குறேன்."

உள்ளே நோவுத் தைல வாசனை. முட்டிப்பலகை நடுவில் குழிந்திருக்கிறது. வலைக்கம்பிக்கு அப்பால் ஞானாதிக்கம் சாமி பழக்கத்தில் தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, என் உதடு அசைந்து நிற்பதற்காகக் காத்திருக்கிறார். பாவம், எவ்வளவு நல்ல மனிதர். உதட்டை மட்டும் அசைத்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும், முறைப்படி, சட்டப்படி செல்லுபடியாகும். விதியில் அதற்கு இடம் இருக்கிறது என்று என்னால் மேற்கோளோடு நிறுவ முடியும். பத்து நாள் மௌனம் இருந்தபோது இவ்வளவு மௌனம் இருந்ததில்லை. "கடைசியா எப்ப பண்ணினே?" என்று கண்ணை முழுசாகத் திறக்காமல் கேட்கிறார். "மூணு வருசம் ஆச்சு, சாமி" என்கிறேன். என் குரல் கூரையில் போய் மோதித் திரும்பி வருகிறது. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம், நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று தெரியாது. சாமி திடுக்கிட்டுக் கண்ணைத் திறக்கிறார், மலர்ந்து கையைக் காதில் குவித்துக்கொள்கிறார். வெளியே பெஞ்சுப் பலகையின் கிறீச்சுச் சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் சிலுவைப் பாதைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "எங்க அம்மா சாகக் கிடந்தப்ப எனக்கு ஒரு சீட்டு வந்துச்சு, சாமி. ஆறாம் நாள், பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு. கொண்டுவந்து கையில குடுத்த மாதிரி குடுத்தாரு ஒருத்தர்." நிறுத்துகிறேன். உதடு நின்றால் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிற சாமி, கையை உயர்த்தப் போகிறார். பாதியிலேயே மன்னிப்பு கிடைத்துவிடும் போலிருக்கிறது.

"அப்புறம்?" என்று திரைக்கு வெளியிலிருந்து கேட்கிறாள் அக்கா.